எத்தனாலுக்கு எதைப் போடலாம்: கரும்பா, மக்காச்சோளமா, மரவள்ளியா?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் 3 ஏக்கர், ஒரு போர்வெல். எத்தனாலுக்குக் கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி மூன்றுமே போகும் என்கிறார்கள். ஏக்கருக்கு எதில் அதிகம் கிடைக்கும்? நான் எதைப் போடலாம்?

பதில்: டன் கணக்கில் மக்காச்சோளம்தான் முந்தும். நன்கு காய்ந்த 1 டன்னில் சுமார் 380 லிட்டர் எத்தனால் வரும். பச்சை மரவள்ளிக் கிழங்கில் 150 முதல் 160 லிட்டர், கரும்புச் சாற்றை அப்படியே நொதிக்கவிட்டால் 70. (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கடைசி மொலாசஸில் மட்டும் காய்ச்சினால் டன் கரும்புக்கு 10, 11 லிட்டர்தான்.)

ஏக்கருக்கு வந்தால் கணக்கு தலைகீழ். 40 டன் கரும்பில் 2,800 லிட்டர், 15 டன் கிழங்கில் 2,300, இரண்டரை டன் மக்காச்சோளத்தில் 950. ஆனால் கரும்பு 12 மாதம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். மரவள்ளி 10 மாதம். மக்காச்சோளம் 110 நாள். மாதத்துக்கு வகுத்தால் கரும்பும் மரவள்ளியும் 230 லிட்டரை ஒட்டி நிற்க, மக்காச்சோளம் 260 தொடுகிறது.

ஒரே போர்வெல் என்பதால் உங்களுக்கு மக்காச்சோளம்தான் சரி. புரட்டாசிப் பட்டத்தில் விதைத்தால் பாதிக்கு மேல் மழையே பார்த்துக்கொள்ளும். இன்னொரு காரணம், அறுவடைக்குப் பின் கெடாமல் காத்திருக்கும் குணம். வெட்டிய கரும்பு 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போக வேண்டும். சர்க்கரை குளுக்கோஸாக உடைவதால் எத்தனாலுக்கு நஷ்டமில்லை, நொதிக்க வைக்கும் ஈஸ்டும் முதலில் அதைத்தான் செய்கிறது. நஷ்டம் வருவது வெட்டுவாய் வழியே நுழையும் பாக்டீரியாவால். அது சர்க்கரையைத் தின்று சாற்றைக் கொழகொழப்பாக்கிவிடும். மரவள்ளி பிடுங்கிய இரண்டு, மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு ஓடிக் கெடத் தொடங்கும். சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகள் நல்ல விலை தரும்போது அதை எத்தனாலுக்கு அனுப்புவதும் வீண்.

மக்காச்சோளத்தில் கவனம் முழுவதும் ஈரப்பதத்தில் இருக்கட்டும். மணியைப் பெயர்த்து அடிநுனியைச் சுரண்டுங்கள். கறுப்புப் படலம் தெரிந்தால் முற்றிவிட்டது. ஆனாலும் அப்போது ஈரம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கதிரைச் செடியிலேயே காயவிட்டு, பிறகு அடித்துக் களத்தில் 14 சதவீதத்துக்கு இறக்குங்கள். 20 சதவீதத்தில் கொடுத்தால் ஆலைக்கு டன்னுக்கு 26 லிட்டர் குறையும். அதை உங்கள் விலையில்தான் பிடிப்பார்கள். அறுவடை தைப் பனியில் விழும். மாலையில் குவித்துத் தார்ப்பாய் மூடி, காலைப் பனி விலகியதும் திரும்பப் பரப்புங்கள். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். அது எத்தனாலில் ஏறாது; மிஞ்சும் தீவனப் புண்ணாக்கில் மூன்று மடங்காகச் செறிந்து மாட்டுக்கும் கோழிக்கும் போகும். அதனால்தான் ஆலைகள் அப்படிப்பட்ட லோடைத் திருப்பி அனுப்புகின்றன.

உரிமம் இல்லாமல் பண்ணையிலேயே காய்ச்சுவது குற்றம். அந்த எண்ணம் வேண்டாம். விதை வாங்கும் முன் ஆலையின் ஈரப்பத வரம்பு, அஃப்ளாடாக்சின் வரம்பு, பிடித்தம் மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.