கோப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

கேள்வி: நிதி ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றில் எட்டு வருடமாக வங்கி ஆய்வாளராக இருக்கிறேன். இப்போது படிப்பு விடுப்பில் வெளிநாட்டில் ஓராண்டு முதுகலை. வகுப்பில் எல்லாரும் இன்டர்ன்ஷிப் தேடி அலைகிறார்கள். 36 வயதில் நானும் அந்தப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டுமா ஐயா? நிற்பதென்றால் எங்கே?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: இன்டர்ன்ஷிப் போங்கள். ஆனால் அந்த வரிசையில் நிற்காதீர்கள், அது உங்களுக்கானது இல்லை. சர்வதேச நாணய நிதியத்தின் (ஐஎம்எஃப்) கோடைக்கால இன்டர்ன்ஷிப் 10 முதல் 12 வாரம். பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களைத்தான் எடுப்பார்கள். பிராங்க்பர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கியின் பயிற்சி இடங்கள் பொதுவாக ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. இப்படி ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தால் உங்கள் எட்டு வருட அனுபவத்தை எழுத அந்தப் படிவங்களில் ஒரு கட்டம்கூட இருக்காது. மாணவி என்ற ஒரே அடையாளத்தோடு போட்டி போடுவீர்கள்.

உங்களுக்கு வேறொரு வாசல் இருக்கிறது. உங்கள் அலுவலகம், படிக்கிற நாட்டின் ஒழுங்குமுறை அமைப்புக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்: 'எங்கள் அதிகாரி அங்கேதான் படிக்கிறார், படிப்பு முடிந்ததும் சில வாரம் உங்களோடு இருந்து வேலையைப் பார்க்கட்டும்.' துறையில் இதை செகண்ட்மென்ட் என்பார்கள், அயல்பணி. குறுகிய காலம் என்றால் ஸ்டடி விசிட். மத்திய வங்கிகளும் பங்குச் சந்தை ஆணையங்களும் தங்களுக்குள் இதைக் காலம்காலமாகச் செய்துவருகின்றன. ஆனால் கடிதம் அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்குப் போக வேண்டும். நீங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதினால் மனிதவளப் பிரிவுக்குப் போய் அங்கேயே உறங்கிவிடும். படிப்பு தொடங்கிய முதல் மாதமே மேலதிகாரியிடம் கேளுங்கள். கடைசி மாதம் கேட்டால் கடிதம் வரும்போது நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள்.

எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அப்போது வயது 34, பதினொரு வாரம், வங்கிக் கண்காணிப்புப் பிரிவு. எந்த நாடு, எந்த அலுவலகம் என்பது வேண்டாம். முதல் வாரமே சொதப்பினேன். மதிய இடைவேளையில் வாராக்கடன் பற்றிப் பேச்சு வந்தது. நானும் ஆர்வக்கோளாறில், "எங்களிடம் ஒரு வங்கி இருக்கிறது, நடுத்தர அளவு, போன வருஷம் தலைவர் மாறினார்..." என்று ஆரம்பித்தேன். என் மேற்பார்வையாளர் அம்மையார் கரண்டியைக் கீழே வைத்தார். "பெயரைச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் நான் எழுதிவைக்க வேண்டியிருக்கும்" என்றார். நான் பெயரைச் சொல்லவே இல்லை. ஆனால் நடுத்தர அளவு, தலைவர் மாற்றம் என்ற இரண்டு தகவல் போதுமே, பத்திரிகை படிக்கிற யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அன்று சாப்பாடு இறங்கவில்லை. படிப்பு விடுப்பில் இருந்தாலும் ரகசியக் காப்பு உறுதிமொழிக்கு விடுப்பு கிடையாது என்பது எனக்கு அந்த மேசையில்தான் உறைத்தது. வகுப்பில் கேஸ் ஸ்டடி எழுதும்போதும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

அவர்களும் என்னிடம் அப்படித்தான் இருந்தார்கள். கொடுத்த கோப்புகளில் வங்கிப் பெயரெல்லாம் கறுப்பு மை. 'வங்கி 7' என்று ஒன்று. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று இரண்டு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம், அந்த வங்கி 7-க்கு அனுப்பப்போகும் ஆய்வுக் கடிதத்தின் வரைவு விவாதத்துக்கு வந்தது. ஓரமாக உட்காரச் சொன்னார்கள். விஷயம் ஒன்றும் புதிதில்லை. திடீரென்று வைப்பாளர்கள் பணத்தை எடுத்தால் கொடுக்கக் கையிருப்பு போதுமா என்ற கணக்கு. முதல் வரைவில் 'வங்கி கவனிக்கலாம்' என்று இருந்தது. ஒருவர் 'கவனிக்க வேண்டும்' என்றார். வேலையில் சேர்ந்து இரண்டு வருடமான ஒரு இளம் ஆய்வாளர், "போன கடிதத்திலும் கவனிக்க வேண்டும் என்றுதானே எழுதினோம், கவனித்தார்களா?" என்று கேட்டார். அறை அமைதியாகிவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது வாக்கியம் '30 நாளுக்குள் சரிசெய்து, வாரியத்தின் ஒப்புதலோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்' என்று ஆகியிருந்தது. ஒரு வினைச்சொல்லுக்கு இரண்டு மணி நேரம்! எங்கள் கடிதங்களில் பெரியதும் சிறியதும் ஒன்றாக 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்றே முடியும். எது அவசரம் என்று வங்கிக்குத் தெரியாது. சொல்லப்போனால் எங்களுக்கே தெரியாது.

அதனால் பெரிய பெயரைத் தேடாதீர்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும், மத்திய வங்கிகளுக்கான வங்கியான சர்வதேசத் தீர்வு வங்கியின் கோபுரத்தில் வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கோப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போடுகிற சிறிய ஆணையம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பல நாடுகளில் கிளை உள்ள ஒரு பெரிய வங்கி, மூன்று மாதம் கம்ப்ளையன்ஸ் பிரிவில் (வங்கி விதிகளைப் பின்பற்றுகிறதா என்று பார்க்கிற பிரிவு) இன்டர்ன்ஷிப் தருகிறது. சம்பளமும் உண்டு. நானும் ஒழுங்குமுறை அதிகாரிதான், படிப்பு விடுப்பில் இருக்கிறேன். சேரலாமா?

பதில்: வேண்டாம். அந்த வங்கிக்கு உங்கள் நாட்டில் கிளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் நாளைக்கு அதை ஆய்வு செய்யப்போவது உங்கள் அலுவலகம், ஒருவேளை நீங்களே. சம்பளம் வாங்கிய இடத்தில் போய் கணக்குப் புத்தகத்தைத் திற என்று எப்படிக் கேட்பீர்கள்? கேட்டாலும் பார்க்கிறவர்கள் நம்ப வேண்டுமே. கிளை இல்லை, மனசு கேட்கவில்லை என்றால் அலுவலகத்துக்கு எழுத்தில் எழுதி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மேலதிகாரி போனில் 'சரி, போ' என்று சொன்னது கணக்கில் வராது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் என்றால் அதற்குப் பழுதில்லாத வழிகள் இருக்கின்றன. பாசலில் உள்ள நிதி நிலைத்தன்மை நிறுவனமும் டொரண்டோ சென்டரும் 1998-இல் தொடங்கியவை. இரண்டுமே கண்காணிப்பு அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதற்கென்றே இருப்பவை. டொரண்டோ சென்டரில் ஒரு நெருக்கடியைக் கையில் கொடுத்து நடித்துக்காட்டச் சொல்வார்கள். ஒருவர் அமைச்சர், ஒருவர் வங்கித் தலைவர், ஒருவர் ஒழுங்குமுறையாளர். வங்கிக்காரர் எப்படி யோசிப்பார் என்று அரை நாளில் புரிந்துவிடும்.

கேள்வி: மாணவர் விசாவில் இன்டர்ன்ஷிப் செய்யலாம்தானே? கோடை விடுமுறையில் முழு நேரம் போகலாம் என்று இருக்கிறேன்.

பதில்: எந்த நாடு என்று எழுதவில்லை. பிரிட்டன் என்றால் ஒரு பொறி இருக்கிறது. பட்டப்படிப்பு மாணவர்கள் பாட காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம், விடுமுறையில் முழு நேரம். ஆனால் ஓராண்டு முதுகலையில் ஆய்வேடு எழுதுகிற கோடைக்காலம் விடுமுறை ஆகாது, அதுவும் பாட காலம்தான். படிப்பு அதிகாரபூர்வமாக முடிந்து விசா மிச்சமிருக்கும் மாதங்களில்தான் முழு நேரம் போக முடியும். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசா என்றால், படிக்கும்போதே செய்யும் பயிற்சிக்குப் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். ஒன்பது மாதப் படிப்பில் அது நடக்காது. படிப்புக்குப் பிந்தைய ஓபிடி, அதாவது படித்த துறையில் வேலை செய்ய அனுமதி, 12 மாதம் உண்டு, அதற்குப் படிப்பு முடிவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அரசுப் பணத்தில் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் போயிருந்தால், முடிந்ததும் இரண்டு வருடம் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். விசாத் தாளை எடுத்துப் பாருங்கள். சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்பை 'வேலை இல்லை' என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: உள்நாட்டு வங்கிகளைக் கண்காணிக்கவே ஆள் போதவில்லை. அதிகாரிகள் வெளிநாட்டில் போய்ப் பயிற்சி எடுப்பது வீண் செலவு இல்லையா?

பதில்: 1974 ஜூன் 26. ஜெர்மனியில் கொலோன் நகரத்து ஹெர்ஸ்டாட் வங்கியை அந்நாட்டு அதிகாரிகள் சாயங்காலம், அன்றைய வேலை நேரம் முடிந்த பிறகு மூடினார்கள். அவர்கள் கடிகாரப்படி எல்லாம் ஒழுங்கு. ஆனால் நியூயார்க்கில் அப்போது காலை. ஹெர்ஸ்டாட்டுக்கு மார்க் நாணயத்தைக் கொடுத்துவிட்டு டாலருக்குக் காத்திருந்த வங்கிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. அந்த வருடக் கடைசியில்தான் பத்து நாடுகள் குழுவின் மத்திய வங்கி ஆளுநர்கள், நாடுகள் சேர்ந்து வங்கிக் கண்காணிப்பைப் பேசும் பாசல் குழுவை அமைத்தார்கள். அடுத்த நாட்டில் மணி என்ன என்று தெரிந்த ஒரு அதிகாரிக்கு ஆகும் செலவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: திரும்பி வந்ததும் அலுவலகத்துக்கு அறிக்கை தர வேண்டுமாம். எவ்வளவு எழுதுவது?

பதில்: நான் 42 பக்கம் எழுதினேன், யாரும் படிக்கவில்லை. பின்னிணைப்பில் 'கவனிக்கலாம்', 'கவனிக்க வேண்டும்', 'இத்தனை நாளுக்குள்' மூன்றையும் எப்போது எழுதுவது என்று ஒரு பக்கம் போட்டிருந்தேன். அதை மட்டும் என் மேலதிகாரி கிழித்தெடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.