ரெவெல் 0.91 என்று வந்தால் நோய்க்காரணம் உறுதியா?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒன்பதாவது மாதத்தில் வலிப்பு தொடங்கியது. மரபணுப் பரிசோதனையில் எஸ்சிஎன்2ஏ மரபணுவில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதாக வந்திருக்கிறது. வகை ‘வியுஎஸ்’, அதாவது விளைவு தெளிவில்லை. ஆனால் அதே அறிக்கையில், மாற்றம் கெடுதலானதா என்று கணிக்கும் கணினிக் கருவிகளின் மதிப்பெண்களாக ரெவெல் 0.91, ஆல்ஃபாமிஸ்ஸென்ஸ் 0.97 என்றும் இருக்கிறது. இதையே காரணமாக வைத்து மருந்தை மாற்றலாமா?

பதில்: இந்த இரண்டு எண்களை மட்டும் நம்பி மாற்ற வேண்டாம். புரதம் கெடுமா என்ற கேள்விக்குத்தான் அவை பதில் சொல்கின்றன. எந்தப் பக்கமாகக் கெடும், அதாவது அதன் வேலை கூடுமா குறையுமா என்பதைச் சொல்வதில்லை. செல் சவ்வில் அயனிகளைக் கடத்தும் புரதங்களான அயனி சேனல்களில் மருந்தைத் தீர்மானிப்பது அந்தப் பக்கம்தான்.

எஸ்சிஎன்2ஏ மூளையின் ஒரு சோடியம் சேனலுக்கான மரபணு. சேனல் அளவுக்கு மீறி வேலை செய்தால், பிறந்து மூன்று மாதத்துக்குள் வலிப்பு வருவதே வழக்கம். ஃபெனிடோயின், கார்பமாஸெபின் போன்ற சோடியம் சேனல் தடுப்பு மருந்துகள் அங்கே பெரும்பாலும் உதவும். வேலை குறைந்துபோனால் வலிப்பு பிந்தித் தொடங்கும், அல்லது வலிப்பே இல்லாமல் ஆட்டிசம் வரும். அங்கே அதே மருந்துகள் பலன் தராமல் போகலாம், வலிப்பைக் கூட்டவும் செய்யலாம். ஒன்பதாவது மாதம் என்பது இரண்டாவது பக்கம் சாய்கிறது. ஆனாலும் வயது ஒரு குறிப்புதான், சான்று ஆகாது.

இனி எண்களுக்கு வருவோம். 2022இல் வெளியான அளவீட்டின்படி ரெவெல் 0.644 தொட்டால் ‘துணைச் சான்று’, 0.773 தொட்டால் ‘மிதமான சான்று’, 0.932 தொட்டால்தான் ‘வலுவான சான்று’. உங்கள் 0.91 மிதமானது. ஆல்ஃபாமிஸ்ஸென்ஸ் எண்ணை அதன்மேல் இரண்டாவது சான்றாகக் கூட்டக் கூடாது. பரிணாமத்தில் அந்த இடம் மாறாமல் நின்றிருக்கிறதா என்பதை இரண்டுமே பெரிதும் சார்ந்திருப்பதால், ஒரே சாட்சியை இருமுறை எண்ணியதாகிவிடும். எந்தக் கருவியைக் கணக்கில் எடுப்பது என்பதை ஆய்வகம் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். எண்ணைப் பார்த்துவிட்டுச் சாதகமானதைப் பொறுக்குவது நடக்கும் தவறு.

மாற்றம் எந்த இடத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். மின்னழுத்தத்தை உணரும் எஸ்4 துண்டில் நேர்மின் கொண்ட அமினோ அமிலமான ஆர்ஜினினா, சோடியத்தை மட்டும் விடும் துளையின் வடிகட்டியா, சேனலின் நான்கு பெரும் பகுதிகளில் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையே சேனலை அடைக்கும் கதவா? அந்தக் கதவு பழுதானால் சோடியம் கசிந்துகொண்டே இருக்கும், அதாவது வேலை மிகும். சகோதர மரபணுக்களான எஸ்சிஎன்1ஏ, எஸ்சிஎன்8ஏ ஆகியவற்றில் அதற்கு இணையான இடத்தில் ஏற்கெனவே ஆராயப்பட்ட மாற்றம் இருந்தால் அது நல்ல துப்பு. சோடியம், கால்சியம் சேனல்களில் வேலை கூடுமா குறையுமா என்று கணிக்கவே 2020இல் ஃபன்ஷன் என்ற கருவி வந்தது. அதன் விடையும் கணிப்பே. ஒரே மாற்றம் இரு பக்கமும் போகவும் கூடும்: இதயத்தின் சோடியம் சேனல் மரபணுவான எஸ்சிஎன்5ஏயில் 1784ஆம் இடத்து அமினோ அமிலம் குளூட்டமேட் லைசினாக மாறினால் நீள் க்யூடி, புருகாடா என்ற இதயத்துடிப்புக் கோளாறுகள் இரண்டுமே வரலாம், ஒன்று வேலை கூடுவதாலும் மற்றது குறைவதாலும். இதே மாற்றம் ஓர் அமினோ அமிலம் குறைந்த புரத வடிவில் 1783 என்று எழுதப்படும். தேடும்போது எந்த டிரான்ஸ்கிரிப்ட், அதாவது மரபணுவின் எந்தப் படியெடுப்பு வடிவத்தை வைத்து எண்ணியிருக்கிறார்கள் என்று பார்க்காவிட்டால், பதிவு இருந்தும் கண்ணில் படாது.

உங்கள் வழக்கில் அடுத்த படி கணினியில் இல்லை. பெற்றோர் இருவரின் ரத்தத்திலும் இதே மாற்றத்தைத் தேடச் சொல்லுங்கள். இருவரிடமும் இல்லாமல் மகனிடம் புதிதாகத் தோன்றியிருந்து, பெற்றோர் உறவும் உறுதியானால், நோயின் அறிகுறிகள் பொருந்தும் பட்சத்தில் வகை ‘நோய்க்காரணமாக இருக்கக்கூடும்’ என்று உயர வாய்ப்புண்டு. வலிப்பே இல்லாத பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் சந்தேகம் பெருகும். ஆனால் அவர் உடலின் ஒரு பகுதி செல்களில் மட்டும் அது இருக்கலாம் என்பதால் முற்றாக ஒதுக்க முடியாது. பெருந்திரளான மக்களின் மரபணு மாற்றங்களைத் திரட்டிய நோமேட் தரவுத்தளத்தில் பலரிடம் பதிவாகியிருந்தால் கடுமையான நோய்க்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. மாற்றம் எக்ஸான் (மரபணுவில் புரதத்துக்கான குறியீடு உள்ள துண்டு) விளிம்பில் இருந்தால், துண்டுகள் சரியாக ஒட்டப்படுமா என்று கணிக்கும் ஸ்ப்லைஸ்ஏஐ கருவியின் கணிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். ரெவெல் அதைக் கவனிக்காது.

வேலை கூடுகிறதா குறைகிறதா என்பதை நேரடியாகக் காட்டுவது பேட்ச் கிளாம்ப் சோதனை. மாற்றமுள்ள சேனலைச் செல்லில் உருவாக்கி மின்னோட்டத்தை அளப்பார்கள். எஸ்சிஎன்2ஏவுக்குப் பிறந்தகால வடிவம், முதிர்ந்த வடிவம் என இரண்டு உண்டு. எந்த வடிவில் அளந்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த விடைகள் வரும்வரை தற்போதைய மருந்தைத் திடீரென நிறுத்தாதீர்கள். எந்த மாற்றமும் குழந்தை நரம்பியல் மருத்துவர் வழியாகவே நடக்கட்டும். வியுஎஸ் நிலையில் இதை வைத்து பெற்றோரைத் தவிர மற்ற உறவினரையோ அடுத்த கருவையோ பரிசோதிக்கவும் வேண்டாம்.