ரீச்சரிடம் கேளுங்கள்: திரும்பி வந்த முன்மொழிவு

கேள்வி: ரீச்சர், நான் ஒரு பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வேலையோடு சேர்த்து வார இறுதி வகுப்பில் முதுமாணி படிக்கிறேன். "யாழ்ப்பாணத்தின் பாரம்பரிய வீடுகளைப் பாதுகாப்பதில் உள்ள சவால்கள்" என்று ஆய்வு முன்மொழிவு எழுதிக் கொடுத்தேன். "மிகவும் அகலம், ஆய்வுக் கேள்வி தெளிவில்லை" என்று ஒரே வரியில் எழுதித் திருப்பிவிட்டார்கள். அதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எங்கே பிழை விட்டேன்?
– வாசகி, சுன்னாகம்

பதில்: பிள்ளை, முழுவதையும் வாசித்தேன். முதல் ஆறு பக்கமும், நடுவில் திறந்த முற்றமும் அதைச் சுற்றி நாலு பக்கமும் கூரையுமாக இருக்கும் நாற்சார் வீட்டின் அழகு. திண்ணை, தலைவாசல், சங்கடப்படலை, பனைமரச் சலாகை எல்லாம் வந்திருக்கிறது, நன்றாகவும் எழுதியிருக்கிறீர். ஆனால் முன்மொழிவைப் பார்க்கும் குழுவில் இருக்கிறவர்கள் வேறொன்றைத் தேடுவார்கள். இந்தப் பிள்ளை ஒரு வருடத்தில், ஒற்றை ஆளாக, சனி ஞாயிறில் எதைப் போய்ப் பார்க்கப் போகிறா? பார்த்துவிட்டு எதைச் சொல்லப் போகிறா? இதற்கு நீர் தந்த பதில் பதினாலாம் பக்கத்தில் ஒற்றை வரியாகக் கிடக்கிறது: "வினாக்கொத்து மூலம் தரவு சேகரிக்கப்படும்." யாரிடம், என்ன கேட்டு என்று ஒரு சொல்லும் இல்லை.

நூறு பேரிடம் உம்முடைய வினாக்கொத்தைக் கொடுத்தால் என்ன வரும்? காசில்லை, விழிப்புணர்வில்லை, அரசாங்கம் கவனிக்கவில்லை, பழைய மரவேலை தெரிந்த ஆசாரிமார் கிடைப்பதில்லை. இதை நீர் இன்றைக்கே வீட்டு விறாந்தையில் இருந்து எழுதிவிடலாம். என்னிடம் வந்த பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உமது முடிவு இரண்டு விதமாகவும் வரக்கூடுமா? ஒரு விதமாகத்தான் வரும் என்றால் அது கேள்வியில்லை, முறைப்பாடு.

சரி, உமது தலைப்புக்குள்ளேயே நல்ல கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எனக்குத் தெரிகிறவை மூன்று.

ஒன்று உரித்து. தாய்வீடு பிள்ளைகளுக்குப் பங்காகப் போகிறது; ஒருவர் கொழும்பில், இருவர் கனடாவில், ஒருவர் லண்டனில். ஓடு மாற்ற யார் காசு போடுவது? 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. பங்கை வெளியாருக்கு விற்பதென்றால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும். பிரித்து எடுக்கப் பிரிவினை வழக்குப் போட்டால் அது எப்போது முடியும் என்று ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆகவே இப்படிக் கேட்டுப் பாரும்: ஒரே ஒழுங்கையில், பலருக்குப் பிரிக்கப்படாத பங்கில் கிடக்கும் வீடும் ஒருவர் பெயரில் காணி உறுதி உள்ள வீடும் இருந்தால், எது கூடுதலாகப் பழுது பார்க்கப்பட்டிருக்கிறது? ஒருவர் பெயரில் உள்ளதுதான் என்று நீர் நினைப்பீர். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. ஒருவர் பெயரில் இருந்தால் இடித்துவிட்டு மேல்மாடி கட்டுவதும் சுகம். பங்கில் கிடப்பதாலேயே தப்பி நிற்கும் வீடுகளும் இருக்கக்கூடும். இப்படி இரண்டு பக்கமும் சாயக்கூடியதைத்தான் ஆய்வுக் கேள்வி என்கிறேன்.

இதை எடுத்தால் ஒரு கவனம். வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்தவர்களின் வீடுகளை இதற்குள் சேர்க்க வேண்டாம். அங்கே வீடுகள் அழிந்ததற்குக் காரணம் வேறு. இரண்டையும் கலந்தால் உரித்தின் கதை யுத்தத்தின் கதைக்குள் அமிழ்ந்துவிடும். ஆய்வின் எல்லை என்ற தலைப்பின் கீழே இதைக் காரணத்தோடு எழுதும். வெறுமனே "யாழ் மாவட்டம்" என்று போடுகிறவர்கள் எல்லையைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று குழுவுக்கு உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது சுவர். பழைய சுவர் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அது நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடவும் செய்யும். இப்போது அதன்மேல் சீமெந்து பூசிவிடுகிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் போக, உப்புப் பூத்து, அடிச்சுவரில் பூச்சு பொருக்குப் பொருக்காக விழுகிறது. நல்ல கேள்வி, ஆனால் ஆய்வுகூடம் வேண்டும், அதற்கு அனுமதியும் கட்டணமும் வேண்டும். வேலைக்குப் போகிற உமக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

மூன்றாவது முற்றம். நான் என்றால் இதைத்தான் எடுப்பேன். நாற்சார் வீட்டின் நடு முற்றத்துக்குமேல் இப்போது கம்பி வலை அடித்து, அதற்குமேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தகடு போட்டுவிடுகிறார்கள். மழைத் தூவானம் வராது, கள்ளன் இறங்கமாட்டான், குரங்கும் வராது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாலு பக்கத்துக் கூரைக்கும் நடுவில் திறந்து கிடந்த அந்த வாய்வழியாகத்தான் வீட்டின் சூடு மேலே போனது. மூடினபிறகு வீடு எவ்வளவு சூடாகிறது? இதை அளக்கலாம். ஆய்வுகூடம் தேவையில்லை. வெப்பமும் ஈரப்பதனும் பதியும் சின்னக் கருவிகள் இருக்கின்றன. தானாகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வைக்கும். முற்றத்தில் ஒன்று, விறாந்தையில் ஒன்று, உள் அறையில் ஒன்று, வெளியே நிழலில் ஒன்று. கதிரையில் இருக்கிற ஆளின் தலை உயரம், 1.1 மீற்றர், அதில் வையும். வைக்குமுன் எல்லாவற்றையும் ஒரே மேசையில் ஒரு நாள் முழுக்க வைத்து, ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பாரும். முடிந்தபிறகும் அப்படியே செய்யும். இந்த இரண்டு வரியை முறையியலில் எழுதினாலே, இந்தப் பிள்ளைக்கு வேலை தெரியும் என்று குழு நினைக்கும்.

எந்த வீட்டை எதோடு ஒப்பிடுவது? மூடிய முற்றம் உள்ள வீட்டையும் திறந்த முற்றம் உள்ள வீட்டையும் ஒப்பிட்டால், ஒன்றுக்கு ஓடு, மற்றதற்கு அஸ்பெஸ்ரோஸ். ஒன்றுக்குப் பக்கத்தில் வேம்பு, மற்றதற்குப் பக்கத்தில் கொங்கிறீட் மதில். வித்தியாசம் எதனால் வந்தது என்று நீர் சத்தியம் பண்ண முடியாது. தகட்டைக் கழற்றக்கூடிய ஒரு வீட்டைத் தேடும். அதே வீட்டில் தகட்டோடு ஒரு கிழமை, இல்லாமல் ஒரு கிழமை அளவும். இப்படி இரண்டு மூன்று வீடு கிடைத்தால் போதும். வீடு குறைவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஏன் குறைவு என்று எழுதினால் சரி.

இனிக் காலம். முன்மொழிவில் எல்லோரும் கடைசி இரவில் கோடு கீறி ஒரு கால அட்டவணை ஒட்டுகிறார்கள். "மாதம் 4 முதல் 6: தரவு சேகரிப்பு." அந்த மூன்று மாதமும் மாரியில் வந்தால் என்ன செய்வீர்? யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியில் மத்தியான வெயில் நேர் உச்சியில் நிற்கும், காற்றும் குறைவு. முற்றத்துக்கு அதுதான் சோதனை. ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் மறுபடி உச்சிக்கு வரும், ஆனால் அப்போது சோளகம் என்ற தென்மேல் காற்று வீசிக்கொண்டிருக்கும். இரண்டிலும் அளந்தால், மூடியதால் வந்த சூட்டில் காற்றுக்கு எவ்வளவு பங்கு என்று ஓரளவு பிரித்துச் சொல்லலாம். உமது முன்மொழிவு ஜூனில் சரிவந்தால் முதலில் ஓகஸ்டில் அளவும், ஏப்ரலுக்குப் பொறுத்திரும். உரித்துக் கேள்வியை எடுத்தாலும் ஓகஸ்டை விடக்கூடாது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுப் பங்காளிகள் வந்து நிற்கும் காலம் அது. தொலைபேசியில் பிடிபடாதவர்களைத் தேரடியில் பிடிக்கலாம். ஆனால் கொடியேறினபிறகு உள்ளூர் ஆட்களை நேர்காணலுக்குக் கேட்காதேயும், ஒருவரும் வரமாட்டார்கள்.

இன்னொன்று, நீர் எழுதாமல் விட்டது. கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கிற கந்தோரில் நீர் வேலை செய்கிறீர். நீர் போய் "முற்றத்தை அனுமதியோடு மூடினீர்களா?" என்று கேட்டால் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? தேத்தண்ணி தந்து நல்ல பதிலாகச் சொல்லி அனுப்புவார். இதை மறைக்காமல் முன்மொழிவிலேயே எழுதும்: நான் இன்ன வேலை பார்க்கிறேன், ஆகவே என் சபை எல்லைக்கு வெளியே உள்ள வீடுகளையே எடுக்கிறேன், அல்லது நேர்காணலை இன்னொருவர் செய்வார் என்று. கந்தோர்க் கோப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காக அதை ஆய்வுக்கு எடுத்துவிடவும் கூடாது. சபையிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, கடிதத்தைப் பின்னிணைப்பில் வையும். ஆட்களின் பெயர், விலாசம் வருகிற தரவென்றால் 2022இல் வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிடும்.

திருப்பி எழுதும்போது ஒரு தாளில் கட்டம் போடும். இடது பக்கம் ஒவ்வொரு குறிக்கோள். அதற்கு நேரே: என்ன தரவு, யாரிடம், எப்போது, கிடைக்காவிட்டால் என்ன செய்வேன். ஏதாவது ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அந்தக் குறிக்கோளை வெட்டும். உமது முன்மொழிவில் குறிக்கோள் ஏழு. நான் போட்டுப் பார்த்தேன், இரண்டுதான் மிஞ்சுகிறது. புதிதாக ஒன்றைச் சேர்த்தாலும் மூன்று போதும், பிள்ளை. நாற்சார் வீட்டின் அழகு ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும்.

கேள்வி: ரீச்சர், நான் கட்டட வேலைகளின் அளவும் செலவும் கணக்கிடும் கணிய அளவையாளர். "நிர்மாணத் திட்டங்களில் தாமதத்துக்கான காரணங்கள்" என்று எழுதுகிறேன். வட மாகாணத்தில் துறைசார்ந்தவர்கள் 1000 பேர் என்று எடுத்தால் எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்று கணிக்கும் யமனே சூத்திரப்படி 286 பேர் வேண்டும் என்று வருகிறது. அவ்வளவு பேரை எங்கே பிடிப்பது?
– வாசகர், வவுனியா

பதில்: தம்பி, முதலில் அந்த 1000 பேரின் பெயர்ப்பட்டியல் உம்மிடம் இருக்கிறதா? பட்டியலில் இருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுக்கிறவருக்குத்தான் அந்தச் சூத்திரம். நீர் செய்யப் போவது வட்சப் குழுக்களில் லிங்க் போடுவது. அப்படியென்றால் 286 என்பது அலங்காரம். ஏற்றுக்கொள்ளும் வழுவை 5 சதவீதத்திலிருந்து 10 ஆக்கினால் அதே சூத்திரம் 91 என்று சொல்லும். இப்படி இறங்குகிற எண்ணை நம்பி ஆய்வைக் கட்ட வேண்டாம்.

தலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது எல்லா நாட்டிலும் செய்து முடித்த தலைப்பு. ஒன்றிலிருந்து ஐந்துவரை புள்ளி போடச் சொல்லி, முக்கியத்துவச் சுட்டி கணித்து, காரணங்களை வரிசைப்படுத்துவார்கள். கொடுப்பனவுத் தாமதம் மேலே வரும். ஒப்பந்தகாரரிடம் கேட்டால் ஆலோசகர் மேல் பழி, ஆலோசகரிடம் கேட்டால் ஒப்பந்தகாரர் மேல் பழி. உமது கையில் இருக்கிற செல்வம் வேறு. கணிய அளவையாளர் என்றால் கோரிக்கைப் பத்திரங்கள், கால நீடிப்புக் கடிதங்கள், விலை மாற்றக் கணக்குகள் எல்லாம் உம்முடைய மேசைக்கு வருகின்றன. 2022ஐ எடும். சீமெந்துப் பையின் விலை மாதத்துக்கு மாதம் ஏறின காலம். அந்த வருடம் நடந்த அரச வேலைகள் நாலைந்தை எடுத்து, கட்டுமானத் தொழில் அபிவிருத்தி அதிகார சபை வெளியிடும் விலைச் சுட்டெண்ணின்படி விலையேற்றத்துக்குக் கிடைத்த ஈடு, ஒப்பந்தகாரர் பொருளுக்குக் கொடுத்த உண்மையான விலையில் எவ்வளவு தூரம் வந்தது என்று பாரும். இதன் முடிவு எனக்கு இப்போது தெரியாது, உமக்கும் தெரியாது. நல்ல அறிகுறி.

அரச திணைக்களத்திடம் ஆவணம் கேட்டால் தரமாட்டார்கள் என்று சொல்லாதேயும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்தால் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வணிக இரகசியம் என்று சிலதை மறுக்கக்கூடும். அந்தச் சாத்தியத்தையும் முன்மொழிவில் எழுதும். முதலில் மரியாதையாக நேரே போய்க் கேளும். அனேகமாக அதிலேயே காரியம் முடியும்.

கேள்வி: இலக்கிய மீளாய்வைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதினால் என்ன, ரீச்சர்? எல்லோரும் செய்கிறார்களே.
– வாசகர், கரவெட்டி

பதில்: எழுதிப் பார்த்திருக்கிறீர் என்று கேள்வியிலேயே தெரிகிறது. அது தருகிற கட்டுரைப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாரும். சிலது உலகத்திலேயே இருக்காது. பெயர், ஆண்டு, சஞ்சிகை எல்லாம் அச்சொட்டாக இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. குழுவில் ஒருவர் ஒன்றைத் தட்டிப் பார்த்தால் உமது மற்றப் பக்கங்களையும் நம்பமாட்டார். ஆங்கிலத்தைத் திருத்த, நீண்ட பந்தியைச் சுருக்கப் பாவியும், உமது பல்கலைக்கழகம் அனுமதிக்கிற அளவுக்கு. வாசிப்பு உம்முடையதாக இருக்க வேண்டும். உமது கேள்விக்கு மிகக் கிட்டவாக வருகிற பத்துக் கட்டுரையை முழுவதுமாக வாசித்து, ஒவ்வொன்றும் எங்கே, எதை, எப்படி அளந்தது, எதை விட்டது என்று கொப்பியில் எழுதும். விட்ட இடங்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்தால் உமது மீளாய்வின் கடைசிப் பந்தி அங்கேயே கிடைக்கும்.

(அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் முழு முன்மொழிவையும் அனுப்ப வேண்டாம். தலைப்பு, ஆய்வுக் கேள்வி, மேலே சொன்ன கட்டம் போட்ட தாள், அவ்வளவும் போதும். கையால் எழுதினாலும் பரவாயில்லை, எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும்.)