சீகரில் மோதிய இரண்டு விவசாயிகள்: கேள்வி பதில்

ஏர் பிடித்தவர் டெல்லியில் வேளாண் அமைச்சரானால் என்ன ஆகும் என்று போன வாரம் பேச்சு வந்தது. கேள்விகள் குவிந்துவிட்டன. நான் வட ஆற்காட்டில் ஒரு கூட்டுறவு கடன் சங்கத்தில் பேரேடு எழுதிக் காலம் தள்ளியவன். அரசியலும் கடன் கணக்கும் கேளுங்கள், சொல்கிறேன்.

கே (வாணியம்பாடி): அப்படி அமைச்சரான அசல் விவசாயி யார்?

ஒருவரைக் கேட்டால் இரண்டு பேரைச் சொல்வேன். அரியானாவின் தேவிலால், பஞ்சாபின் பல்ராம் ஜாக்கர். ஒருவர் இல்லாமல் மற்றவர் கதை ஓடாது.

தேவிலால் 1914இல் பிறந்தவர், நிலபுலம் உள்ள குடும்பம். வெள்ளைக்காரன் காலத்திலும் சிறை, எமர்ஜென்சியிலும் சிறை. 1977இல் அரியானா முதல்வர். மறுபடி 1987இல் அவர் கூட்டணி 90 இடங்களில் 85ஐ அள்ளியது. முதியோருக்கு மாதம் 100 ரூபாய் கொடுத்து ஊர்ப் பெரியவர்களின் வாயில் 'தாவ்', அதாவது பெரியப்பா, ஆனார். ஜாக்கர் அபோகர் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர். 1980 முதல் 1989 வரை மக்களவை சபாநாயகர்.

1989இல் ராஜஸ்தானின் சீகர் தொகுதியில் இருவரும் மோதினார்கள். இருவருக்கும் அது சொந்த மாநிலம் இல்லை. தேவிலால் ஜெயித்து வேளாண் அமைச்சரானார். 1991இல் அதே சீகரில் ஜாக்கர் ஜெயித்து வேளாண் அமைச்சரானார். அடுத்தடுத்த இரண்டு தேர்தலில் ஒரே தொகுதியிலிருந்து இரண்டு வேளாண் அமைச்சர்கள்!

இன்னொன்று. 1989 டிசம்பர் 1 அன்று தேசிய முன்னணியின் நாடாளுமன்றக் கட்சித் தலைவராக, அதாவது பிரதமராகப் போகிறவராக, தேவிலாலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவர் எழுந்து, அந்தப் பதவியை வி.பி. சிங்குக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் பதவியேற்பில் 'அமைச்சர்' என்று படிக்க வேண்டிய இடத்தில் 'துணைப் பிரதமர்' என்று படித்தார். குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன், நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், திருத்திப் பார்த்தார். பெரியவர் மறுபடியும் துணைப் பிரதமர் என்றே படித்தார். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், சட்டப்படி அவரும் மற்றவர்களைப் போல ஓர் அமைச்சர்தான் என்று முடிந்தது.

கே (ராணிப்பேட்டை): நம் சி. சுப்பிரமணியத்தை விட்டுவிட்டீர்களே?

பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம்தான், ஆனால் தொழில் வக்கீல். 1966இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை வரவழைத்தது அவர் காலத்தில். டெல்லி வீட்டுப் புல்வெளியிலேயே கோதுமை போட்டுக் காட்டினார். அடுத்த வருடத் தேர்தலில் தோற்றார். வேளாண் அமைச்சர்களில் பெரியவர் அவர்தான் என்பேன். ஆனால் கேட்டது விவசாயியை.

கே (காட்பாடி): சரண் சிங்?

மத்தியில் உள்துறை, நிதி, பிறகு பிரதமர். வேளாண் துறை இல்லை.

கே (அணைக்கட்டு): 1990 கடன் தள்ளுபடி தேவிலால் கொடுத்ததுதானே? எங்கள் அப்பா இன்னும் அவர் பெயரைச் சொல்வார்.

அரசியல் அழுத்தம் அவருடையது. அறிவித்தது நிதியமைச்சர் மது தண்டவதே. 1989 அக்டோபர் 2 அன்று தவணை தவறியிருந்த கடனில் 10,000 ரூபாய் வரை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் நம் மாவட்டம் இரண்டாகப் பிரிந்திருந்தது. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள் எந்த மாவட்டப் பெயர் போடுவது என்று வந்து நின்றார்கள்.

அந்த அக்டோபர் 2 தேதிதான் வினை. ஒடுகத்தூர்ப் பக்கம் ஒருவர், மானாவாரி நிலக்கடலைக்காரர், செப்டம்பரில் மாட்டை விற்றுக் கடன் கட்டினார். அவருக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் கட்டவில்லை, அவருக்குத் தள்ளுபடி. "கட்டினவன் முட்டாளா சார்?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வருடங்களில் எங்கள் சங்கத்தில் வசூல் படுத்துவிட்டது.

கே (ஆற்காடு): ஏழைக்குத் தள்ளினால் மட்டும் உங்களுக்கு வசூல் கணக்கு ஞாபகம் வருகிறதா?

நியாயமான அடி. மழை பொய்த்தவனுக்குத் தள்ளுபடி வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? தவணை தவறியதை மட்டும் அளவுகோலாக வைத்தது தப்பு என்கிறேன்.

கே (பேரணாம்பட்டு): ஆற்காட்டார் சொல்வதே சரி. கந்துவட்டியில் வாங்கியவனுக்கு உங்கள் சங்கம் என்ன செய்தது?

ஒன்றும் செய்யவில்லை. தள்ளுபடியும் அவனைத் தொடவில்லை. அவன் பெயர் எங்கள் பேரேட்டிலேயே கிடையாது.

கே (ஆற்காடு, மறுபடியும்): அப்போ தேவிலால் செய்தது சரியா, தப்பா?

உங்கள் அப்பா அன்று கட்டினவரா, கட்டாதவரா? அதைச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

கே (குடியாத்தம், ஆம்பூர், இன்னும் மூன்று பேர்): அடுத்த தள்ளுபடி எப்போது?

நான் ஜோசியர் இல்லை.

கே (திமிரி): நெல் கொள்முதல் நிலையத்தில் காக்க வைக்கிறார்கள். மத்திய வேளாண் அமைச்சருக்கு எழுதலாமா?

முதலில் ஒன்று மனதில் வையுங்கள்: வேளாண்மை மாநிலப் பட்டியல், அதாவது அரசியல் சட்டப்படி மாநிலத்தின் பொறுப்பு. ஆதரவு விலை டெல்லி சொல்லும், இங்கே நிலையம் திறப்பது மாநிலம். கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள்.

கே (சோளிங்கர்): 1991இல் உர விலையை ஏற்றியது ஜாக்கரா?

உரம் வேறு துறை. மன்மோகன் சிங் பட்ஜெட்டில் 40 சதவீதம் ஏற்றினார்கள். எதிர்ப்பு வந்ததும் 30 ஆனது. விவசாயி வேளாண் அமைச்சராக இருந்தாலும் உரம் ஒருவர் கையில், பணம் ஒருவர் கையில், நிலம் மாநிலத்தின் கையில். மறுபடியும் சொல்கிறேன், மாநிலப் பட்டியல்.

கே (மேல்விஷாரம்): இலவச கரண்ட் தேவிலால் கொடுத்தாரா?

மாநில அரசு. 1990இல் கருணாநிதி. மின்சாரம் பொதுப் பட்டியல்தான், ஆனால் இலவசம் கொடுத்தது மாநிலம்.

கே (வேலூர்): சரண் சிங்...

மேலே பாருங்கள்.

கே (ஒடுகத்தூர்): முள்ளுக் கத்தரியில் காய்ப்புழு. என்ன அடிக்கலாம்?

விரிஞ்சிபுரம் ஆராய்ச்சி நிலையம். புழு விழுந்த காய் இரண்டைக் கையோடு கொண்டு போங்கள்.

கே (வாணியம்பாடி): கடைசியில் இருவரும் என்ன ஆனார்கள்?

தேவிலாலை 1990 ஆகஸ்டில் வி.பி. சிங் நீக்கினார். தான் நாற்காலி கொடுத்த ஆளே அனுப்பிவைத்தார். நவம்பரில் சந்திரசேகர் ஆட்சியில் திரும்பவும் துணைப் பிரதமர். 1991இல் ரோத்தக்கில் தோல்வி, 2001இல் மறைந்தார். ஜாக்கர் 1996இல் ஹவாலா வழக்கில் பெயர் அடிபட்டு விலகினார், 2004இல் மத்தியப் பிரதேச ஆளுநர், 2016இல் காலமானார்.

கே (ஆற்காடு): அப்பா கட்டாதவர். போதுமா?

போதும். என் அப்பாவும்தான்.