கறிச்சட்டிக்குள் வந்த குதிரை

இம்மாதம் எமக்குக் கிடைத்த கடிதங்களுள் பல, உணவுப் பெயர்களைத் தாங்கிய ஆங்கில மரபுத்தொடர்களைப் பற்றியவை. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: அமைச்சர் ஒருவரைச் சுற்றி நின்றவர்கள் அவரிடம் 'கறி ஃபேவர்' செய்ததாக ஆங்கிலப் பத்திரிகையில் வாசித்தேன். விருந்து வைத்து ஆளைப் பிடிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்களா? அந்தக் கறி நம்முடைய கறிதானா?
(கொக்குவில் வாசகர்)

பதில்: இல்லை, அது சமையலறையிலிருந்து வந்த சொல்லன்று, குதிரைக் கொட்டிலிலிருந்து வந்தது. குதிரையின் உடம்பைப் பல்லுள்ள சீப்பினால் தேய்த்து, அழுக்கும் உதிர்ந்த மயிரும் போகும்படி துப்புரவாக்குவதைக் குறிக்கும் வினைச்சொல் ஒன்று, பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து 'கறி' என்று ஒலிக்கலாயிற்று. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் எழுதப்பட்ட அங்கதக் கதையொன்றில், வஞ்சகமும் முகத்துதியும் உருவெடுத்தாற்போன்ற ஃபோவெல் என்னும் குதிரைக்கு அரண்மனையிலே இடம் கிடைத்துவிட, அரசரும் பிரபுக்களும் குருமாரும் வந்து அதனைத் தேய்த்துவிடுகிறார்கள். 'ஃபோவெலைத் தேய்த்தல்' என்ற பொருளில் ஆங்கிலத்துக்குள் புகுந்த தொடரில், கதையை மறந்துபோன பிற்காலத்தவர் குதிரையின் பெயரை நீக்கி, தமக்குப் பழக்கமான 'ஃபேவர்' என்ற சொல்லை, அதாவது தயவு என்பதை, அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். நாம் பந்தம் பிடித்தல் என்றும் வால்பிடித்தல் என்றும் சொல்வது இதைத்தான். அவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டார்கள், நாம் வாலைப் பிடித்துக்கொண்டோம்.

சோற்றோடு உண்ணும் 'கறி' நம்முடையதே. அது போர்த்துக்கேயர் வாயில் 'கரில்' ஆகி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் ஆங்கில எழுத்துக்குள் சென்றது. எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருப்பதைத் தவிர இந்த இரண்டு சொற்களுக்கும் எந்த உறவும் இல்லை.

இதே போன்ற இன்னொரு மயக்கம் 'ஈற் ஹம்பிள் பை' என்பதில் உண்டு. பிழையை ஒப்புக்கொண்டு தலைகுனிவதை இது குறிக்கும். இங்கே முதலில் இருந்தது பணிவைக் குறிக்கும் 'ஹம்பிள்' அன்று. மானின் ஈரல், குடல் முதலிய உள்ளுறுப்புகளைக் குறித்த 'அம்பிள்ஸ்' என்ற சொல். அவற்றை மாவுக்குள் வைத்துச் சுட்ட பண்டம் தாழ்ந்த உணவாகத்தான் இருந்திருக்கும் என்று எண்ணவேண்டாம். இலண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பிஸ், 1663இல் பெண்மணி ஒருவர் அடுப்பிலிருந்து சுடச்சுடக் கொண்டுவந்து தந்த அந்தப் பண்டத்தை வாயாரப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். ஒலி ஒற்றுமையை வைத்துப் பின்னாளில் யாரோ செய்த சிலேடையே 19ஆம் நூற்றாண்டில் மரபுத்தொடராக நிலைத்துவிட்டது.

கேள்வி: 'யூ கான்ற் ஹாவ் யுவர் கேக் அன்ட் ஈற் இற்' என்பதற்கு எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் சரியான பொருள் சொல்ல முடியவில்லை.
(உயர்தர மாணவி, சாவகச்சேரி)

பதில்: குழப்பம் 'ஹாவ்' என்ற சொல்லில் இருக்கிறது. 'ஹாவ் ரீ' என்றால் தேநீர் குடிப்பது என்று சின்ன வகுப்பிலேயே படித்துவிட்டபடியால், இதையும் 'கேக்கைச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சாப்பிட முடியாது' என்று எழுதிவிட்டுப் பிள்ளைகள் விழிப்பதை நான் வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறேன். இங்கே அதன் பொருள் வைத்திருத்தல். 1546இல் ஜோன் ஹேவுட் தொகுத்த பழமொழி நூலில் உண்பது முன்னும் வைத்திருப்பது பின்னுமாக இந்தத் தொடர் அமைந்திருக்கிறது. அந்த வரிசையில் படித்தால் மயக்கமே இல்லை. உண்ட கேக் கையில் மிஞ்சாது.

தமிழில் இதற்கு மொழிபெயர்ப்புத் தேடவேண்டியதில்லை. 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை' என்று எழுதுங்கள். ஒடியற்கூழைப் பிலாவிலை கோலிக் குடித்த எவருக்கும் அதன் உண்மை விளங்கும். எவ்வளவு கவனமாகக் குடித்தாலும் மீசை தப்புவதில்லை.

கேள்வி: 'கவுச் பொற்றேற்றோ' என்பது வசைச்சொல்லா?
(உரும்பிராய் வாசகர்)

பதில்: மெல்லிய கேலி. தொலைக்காட்சிக்கு முன்னால் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பாதவரைச் சொல்வது. 1970களில் அமெரிக்காவில் பிறந்த சொல் இது. உங்கள் ஊர்ச் செம்மண்ணில் உருளைக்கிழங்கு நடுபவர்கள் இதைக் கேட்டு முகம் சுளித்தால் அவர்களுக்குத் துணை உண்டு: 2005இல் பிரித்தானிய உருளைக்கிழங்குச் செய்கையாளர்கள், தங்கள் பயிருக்கு இழுக்கு என்று கூறி, இந்தச் சொல்லை ஒக்ஸ்போர்ட் அகராதியிலிருந்து நீக்கும்படி இலண்டனில் ஆர்ப்பாட்டமே செய்தார்கள். சொல் இன்னும் அகராதியில்தான் இருக்கிறது.

கேள்வி: விவாதத்தில் எதிரணியினர் 'ரெட் ஹெரிங்' போடுவதாக நடுவர் கண்டித்தார். மீனுக்கும் விவாதத்துக்கும் என்ன தொடர்பு?
(பருத்தித்துறை மாணவர்)

பதில்: ஹெரிங் நம் சூடை மீனுக்கு இனமான குளிர்கடல் மீன். உப்பிட்டுப் புகையில் நெடுநேரம் வைத்தால் அது சிவந்து, மணமும் ஏறிவிடும். அந்த மணம் எப்படிப்பட்டது என்று பருத்தித்துறையாருக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. கருவாட்டுப் பொதியோடு ஒருவர் பஸ்ஸில் ஏறினால் அதற்குப் பிறகு வேறெந்த மணமும் மூக்கில் ஏறாது. பேசும் பொருளிலிருந்து கவனத்தைத் திருப்ப வேண்டுமென்றே இழுத்துவிடப்படும் வேறு சங்கதியே 'ரெட் ஹெரிங்'.

வேட்டைநாய்களைத் திசைதிருப்ப வேட்டைக்காரர்கள் இந்த மீனை வழக்கமாக இழுத்துச் சென்றார்கள் என்று பல நூல்கள் விளக்கம் தரும். அதனை நான் நம்புவதில்லை. இந்தப் பொருளைப் பரப்பியவர் வில்லியம் கோபெட் என்ற ஆங்கில இதழாளர். சிறுவனாக இருந்தபோது முயலைத் துரத்திய நாய்களை அந்த மீனால் ஏய்த்ததாக 1807இல் தம் இதழில் ஒரு கதை எழுதிவிட்டு, நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற பொய்ச்செய்தியின் பின்னால் ஓடி, உள்நாட்டுச் சிக்கல்களைக் கைவிட்ட பத்திரிகைகளை அந்த நாய்களுக்கு ஒப்பிட்டார். பத்திரிகைக்காரரைக் குத்தவே பரப்பப்பட்ட தொடர் இது என்ற இந்த வரியை எங்கள் ஆசிரியர் வெட்டமாட்டார் என்று நம்புகிறேன்.