பொள்ளாச்சி–வால்பாறை சாலை எந்த வழியாகப் போகிறது, எப்படி வந்தது? காரில் முதல்முறை போகிறவர் எதைக் கவனிக்க வேண்டும்?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கி.மீ. மாநில நெடுஞ்சாலை 78. ஆழியாறு வரை 24 கி.மீ. சமதளம், இருபுறமும் தென்னந்தோப்பு. வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்டினால் குரங்கு அருவி, அப்புறம் மலை ஏற்றம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. அட்டகட்டி, வாட்டர்பால்ஸ், கவர்க்கல், அய்யர்பாடி, ரொட்டிக்கடை, புதுத்தோட்டம், வால்பாறை என்று ஊர்கள் வரும். வால்பாறைதான் உச்சி என்று பலரும் நினைக்கிறார்கள். அதைவிட உயரம் கவர்க்கல். அங்கிருந்து சாலை இறங்கித்தான் ஊருக்குள் போகிறது.

இது சுற்றுலாவுக்குப் போட்ட சாலை அல்ல, தோட்டத்துக்காகப் போட்டது. காட்டைத் திருத்திக் காப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட்ட வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு ஆளும் சரக்கும் ஏற்றி இறக்க வழி வேண்டியிருந்தது. அவர்களில் முன்னோடி கார்வர் மார்ஷ். அவர் சிலை கவர்க்கல் பக்கம் சாலையோரம் நிற்கிறது. 9வது வளைவில் உள்ள லோம்ஸ் வியூ, சாலைப் பணியில் இருந்த பொறியாளர் லோமின் பெயர். ஆழியாறு அணை முழுசாகத் தெரிவது அங்கேதான். பிறகு பரம்பிக்குளம்–ஆழியாறு பாசன, மின் திட்டம் வந்ததும் அணை, மின்நிலைய வேலைகளுக்கும் இதே சாலை உதவியது. 400 மெகாவாட் காடம்பாறை நீர்மின் நிலையத்துக்கு அட்டகட்டியில் பிரிய வேண்டும்.

ஓட்டுவதைப் பொறுத்தவரை, ஏறுவதில் பெரிய சிக்கல் இல்லை. ஆபத்தெல்லாம் இறங்கும்போதுதான். மூன்றாவது கியரில் விட்டு பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் பாதி மலையிலேயே கருகல் வாடை வரும். பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பு குறையும், பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது, வளைவில் முதலாவது. ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல் மோடு. வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஆற விடுங்கள். சூடான பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிவிடும்.

ஏறும் வண்டிக்கு வழிவிடுவதே மலைச்சாலை முறை. ஆனால் அரசுப் பேருந்து வளைவில் திரும்ப முழு அகலமும் வேண்டும், அதனால் மேலே பஸ்ஸின் முகப்பைக் கண்டதும் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். வளைவுக்குள் மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பது புதியவர்களுக்குப் பெரிய தலைவலி. கவர்க்கல் மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீம் போதும்.

லோம்ஸ் வியூவுக்கு மேல் பாறைச் சரிவுகளில் வரையாடு சாலைக்கே வந்து நிற்கும். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் கடக்கத் தலைக்குமேல் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள், ஆனாலும் கீழே இறங்கும். தின்பண்டம் கொடுக்கும் கார்களைத் தேடி வந்துதான் அவை அடிபடுகின்றன.

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 நவம்பர் 1 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். மளுக்குப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடிக்கு இறங்க நினைப்பவர்கள் காலையிலேயே வால்பாறையை விட்டுவிட வேண்டும். சாயங்காலத்துக்குப் பிறகு கேரள வனச் செக்போஸ்ட்டில் விடமாட்டார்கள்.