650 டாலர் சிலைக்கு அட்வான்ஸ் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 41, திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை. பள்ளி நாளிலிருந்தே தமிழ் காமிக்ஸ் சேர்க்கிறேன். 1,100 புத்தகங்களுக்கு மேல் இருக்கும். எட்டு வருடமாக வெளிநாட்டு சூப்பர் ஹீரோ சிலைகளும் வாங்குகிறேன். ஆறு சிலைகள் இருக்கின்றன. மாதம் 10,000 ரூபாய் இதற்கென்று ஒதுக்குவேன். முன்பு அது தாராளமாகப் போதும், இப்போது எதற்கும் பற்றவில்லை. 650 டாலருக்கு ஒரு ஸ்பைடர்மேன் சிலை ப்ரீ-ஆர்டரில் வந்திருக்கிறது. தவணையில் கட்டலாம் என்கிறார்கள். மனைவி யோசிக்கச் சொல்கிறார். இந்தப் பொழுதுபோக்கே மங்கி வருகிறதா? சேர்த்து வைத்ததெல்லாம் ஆறேழு வருடம் கழித்து மகள் கல்லூரி போகும்போது காசாகுமா?

பதில்: அந்தச் சிலைக்கு இப்போது அட்வான்ஸ் கட்டாதீர்கள். காமிக்ஸ் சந்தாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். மகளின் படிப்புக்கான பணத்தை இந்த அலமாரியில் தேடாமல் தனியாகச் சேர்க்கத் தொடங்குங்கள். முப்பது வருடமாகச் சேர்த்தும் விற்றும் பராமரித்தும் வருகிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஏன் என்பதை விரிவாகவே பார்ப்போம்.

முதலில் சிலைக் கணக்கு. கால் பங்கு அளவு என்று நாம் சொல்லும் சிலை, ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை உயரம் வரும். 2010 வாக்கில் இது 300 டாலரை ஒட்டிக் கிடைத்தது. அப்போது டாலர் ஏறக்குறைய 45 ரூபாய். ஆக 13,500 ரூபாய். இன்று அதே அளவுச் சிலை 600, 700 டாலர் என்கிறார்கள்; டாலரோ 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. 650ஐ 90ஆல் பெருக்கினால் 58,500 ரூபாய். டாலர் கணக்கில் சிலையின் விலை இரண்டு மடங்குதான் ஏறியிருக்கிறது, நம் கையிலிருந்து போவது நான்கு மடங்குக்கும் மேல். உங்கள் 10,000 ரூபாய் பற்றாமல் போனதற்கு உங்கள் ஆசை பெருகியது காரணமில்லை.

இது வீட்டு வாசலுக்கு வந்து சேரும் விலையும் இல்லை. இந்தச் சிலைகளைச் செய்யும் பாலிஸ்டோன் என்பது பிசினோடு கல்தூள் கலந்து வார்ப்பது. பெட்டியோடு சேர்த்து எடை பத்து கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும், கூரியர் செலவும் அதற்கேற்ப வரும். பிறகு சுங்க வரி. இந்தியாவில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. உங்கள் சிலை பொம்மையா, அலங்காரப் பொருளா என்று எந்தத் தலைப்பின் கீழ் வகைப்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து வரி மாறும். வாங்குவதற்கு முன்பே விற்பவரிடம் 'வரி உட்பட, வீட்டு வாசலில் என்ன விலை?' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்படி எழுதித் தர மறுக்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

தவணை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு டாலரில் தவணை கட்டினால், ஒவ்வொரு தவணையும் அன்றைய டாலர் விலைக்குத்தான் போகும். கிரெடிட் கார்டு வங்கிகள் அதன் மேல் பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணம் போடுகின்றன. சிலை கைக்கு வர ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகலாம். நடுவில் வேண்டாம் என்று சொன்னால் கட்டிய அட்வான்ஸ் பெரும்பாலும் திரும்பி வராது. அந்த நிறுவனத்துக்கே ஏதாவது ஆகிவிட்டால்?

ஆகாது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் காமிக்ஸ் கடைகளுக்குப் பல பத்தாண்டுகளாகப் புத்தகங்களையும் சிலைகளையும் கொண்டு சேர்த்த டயமண்ட் என்ற விநியோக நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் மனு போட்டது. விற்றுத் தரச் சொல்லிப் பதிப்பாளர்கள் அதன் கிடங்கில் வைத்திருந்த சரக்கு யாருக்குச் சொந்தம் என்பதே நீதிமன்ற வழக்காகிவிட்டது. அதே வருடம் ஏப்ரலில் சீனப் பொருள்கள் மீது அமெரிக்கா போட்ட வரி 145 சதவீதம் வரை போய், மே மாதம் 30க்கு இறங்கியது. சிலைகளில் பெரும்பகுதி சீனாவில்தான் தயாராகிறது. இப்படிப்பட்ட காலத்தில் ஒன்றரை வருடத்துக்கு முன்பே பணம் கட்டுவது, வாங்குவதை விடக் கடன் கொடுப்பதற்குத்தான் நெருக்கம். பிடித்திருந்தால், தயாராகிக் கடைக்கு வந்த பிறகு வாங்குங்கள். நூறு டாலர் கூடுதலாகப் போனாலும் பொருள் கண்ணெதிரே இருக்கும்.

இனி, மங்கி வருகிறதா என்ற கேள்வி. காமிக்ஸ் விலை ஏன் ஏறுகிறது என்பதிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 1961 வரை ஒரு காமிக்ஸ் இதழ் 10 சென்ட். விலைவாசி உயர்வை மட்டும் கணக்கிட்டால் இன்று அது ஒரு டாலருக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். ஆனால் இன்றைய இதழ் 3.99, 4.99 டாலர். 1970களில் பெட்டிக்கடையும் மருந்துக்கடையும் தொடர்ந்து காமிக்ஸ் விற்றிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். விற்காததைத் திருப்பி அனுப்ப முடியாது, தள்ளுபடி அதிகம் என்ற ஏற்பாட்டில் தனிக் காமிக்ஸ் கடைகள் வளர்ந்தன. அது தொழிலைக் காப்பாற்றியது. கூடவே, போகிற போக்கில் ஒன்று வாங்கிப் படிக்கும் பையனை வெளியே நிறுத்திவிட்டது. வாங்குகிறவர் குறையக் குறைய, அச்சுச் செலவு மிச்சமிருப்பவர்கள் தலையில் ஏறுகிறது. விலை ஏறினால் இன்னும் சிலர் விலகுகிறார்கள்.

நம்மூரிலும் இதைப் பார்த்திருக்கிறோம். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ், 1984இல் லயன், அதே வருடம் ராணி காமிக்ஸ். பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும், சில்லறை இருந்தால் வாங்கிவிடலாம். ராணி 2005இல் 500 இதழ்களோடு நின்றது. லயன் 2012 ஜனவரியில் 100 ரூபாய் விலையில், நல்ல தாளில் வண்ணப் பக்கங்களோடு மீண்டு வந்தபோது நம்மில் பலருக்குக் கண் கலங்கியது. ஆனால் அது வேறொரு வாசகருக்கான புத்தகம். சந்தா கட்டியும் புத்தகக் கண்காட்சியில் தேடிப் போயும் வாங்குகிற, நடுவயதைத் தொட்ட நமக்கானது. நீங்கள் சந்தாவை விடக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். சிலை செய்யும் நிறுவனத்துக்கு உங்கள் 58,500 ரூபாய் ஒரு துளி. தமிழ்க் காமிக்ஸுக்கோ ஒவ்வொரு சந்தாவும் அடுத்த இதழின் அச்சுக்கூலியில் ஒரு பங்கு.

எல்லாமே விலை ஏறும் திசையில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சூப்பர்மேன், பேட்மேன் காமிக்ஸ் வெளியிடும் டிசி நிறுவனம் 2024இல் கையடக்க அளவில் முழுக்கதைத் தொகுப்புகளை 9.99 டாலருக்கு வெளியிடத் தொடங்கியது. இரண்டு, மூன்று தனி இதழ்களின் காசுக்கு ஒரு முழுக்கதை. படிக்கிறவருக்கு இது நல்ல காலம். நெருக்கடி முழுக்க, முதல் பதிப்பையும் சிலையையும் துரத்துகிறவருக்குத்தான்.

மகளின் கல்லூரிக்கு வருவோம். 1938இல் 10 சென்ட்டுக்கு விற்ற, சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய இதழின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இந்த மாதிரிச் செய்திதான் நம்மைக் கெடுக்கிறது. அந்தப் பிரதிக்கு அவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணம், மற்ற எல்லோரும் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டார்கள், தப்பியவை நூறு பிரதிகளை ஒட்டித்தான் இருக்கும். 1991இல் வெளிவந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சானது. பின்னாளில் பணமாகும் என்று ஐந்து அட்டைகளிலும் ஒவ்வொன்று வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் அது இன்றும் சல்லிசாகக் கிடைக்கிறது. இப்படி வாங்கிக் குவித்ததில் ஊதிய குமிழி உடைந்ததில், அதை வெளியிட்ட மார்வெல் நிறுவனமே 1996 டிசம்பரில் திவால் மனு போட்டது.

'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்று எண் பொறித்து வரும் சிலைகளை எக்ஸ்-மென் பக்கத்தில்தான் நான் வைப்பேன். வாங்கிய எவரும் அவற்றைத் தூக்கிப் போடுவதில்லை. அதே நாயகனுக்கு அடுத்த வருடம் இன்னும் நுணுக்கமான சிலை வந்துவிடும், பழையது இறங்கிவிடும். நம் பழைய முத்து, லயன் இதழ்கள் சூப்பர்மேன் பக்கம். வாடகை நூல் நிலையத்தில் கிழிந்து, பழைய பேப்பர் கடைக்குப் போய், கடலை மடித்து முடிந்தவை அவை. ஆனால் அதிலும் ஒரு எச்சரிக்கை: அவற்றுக்கு நல்ல விலை கொடுப்பவர்கள் பத்து வயதில் அதைப் படித்தவர்கள். அவர்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது. அடுத்த பதினைந்து வருடத்தில் வாங்குபவரை விட விற்பவர் அதிகமாக இருப்பார்கள் என்பது என் கணிப்பு. மறுபதிப்பு வந்தால், படிக்க மட்டும் தேடியவர்களும் போட்டியிலிருந்து விலகிவிடுவார்கள்.

ஆகவே விற்பதென்றால் சிலைகளில் தொடங்குங்கள். ஆறில் எந்த இரண்டைப் பார்க்காமல் உங்களால் இருக்க முடியாது என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். மற்ற நான்கையும் அவசரமில்லாமல் இந்த வருடத்துக்குள் விற்கலாம். பெட்டியும் தெர்மாகோலும் இருந்தால்தான் விலை. நேரில் கைமாற்றுவதே நல்லது. பார்சலில் எனக்கு ஒரு சிலை மணிக்கட்டு முறிந்து வந்தது. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை என்று சொல்லி விற்றவர் கைவிரித்துவிட்டார். அன்றிலிருந்து, வாங்கினாலும் விற்றாலும் வீடியோ இல்லாமல் பெட்டியைத் தொடுவதில்லை.

புத்தகங்களை விற்காமல் வைத்திருப்பதென்றால் பராமரிப்புக்குக் கொஞ்சம் செலவு செய்தே ஆக வேண்டும். சாணித்தாளுக்கு உள்ளேயே அமிலம் இருக்கிறது. வெயிலும் சூடும் பட்டால் பழுப்பேறி நொறுங்கும். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. கடையில் கிடைக்கும் பிவிசி உறையில் போட்டால் நாளடைவில் அது அட்டையில் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் உறைதான் சரி. அதற்குள் முதுகுக்கு ஒரு அமிலமில்லாத அட்டை. 1,100 புத்தகத்துக்கும் ஒரே நாளில் வேண்டாம், 1990க்கு முந்தையவற்றில் தொடங்குங்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின் இருந்தால் நகத்தால் நெம்பாமல், உள்பக்கமிருந்து மெல்ல நிமிர்த்தி எடுத்துவிடுங்கள்.

திருச்சி வெயிலை விட ஐப்பசி, கார்த்திகை ஈரம்தான் அதிகம் கெடுக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்தால் கரையானுக்கு நீங்களே விருந்து வைத்த மாதிரி. ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து தட்டுக்குத் தட்டு வைக்கலாம். அந்துருண்டையைச் சிலைகள் இருக்கும் கண்ணாடி அலமாரியில் போடாதீர்கள், சில வகைப் பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். சிலைகளுக்கு ஜன்னல் வெயில் ஆகாது, சாயம் வெளுக்கும். தூசியை ஈரத்துணியால் துடைக்காமல் மெல்லிய பெயின்ட் பிரஷால் தட்டுங்கள்.

உங்கள் 10,000 ரூபாயை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: 6,000 மகள் பெயரில், 2,500 சந்தாவுக்கும் புத்தகத்துக்கும், 1,500 உறைக்கும் அலமாரிக்கும். கடைசித் தொகை ஒரு வருடத்தில் தேவைப்படாமல் போகும். அப்போது அதையும் புத்தகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு வேலை இந்த வாரமே செய்யுங்கள். என்னென்ன வைத்திருக்கிறீர்கள், எப்போது வாங்கியது, என்ன நிலையில் இருக்கிறது, விற்க நேர்ந்தால் யாரிடம் கேட்கலாம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அந்த நோட்டு உங்களிடம் இருக்க வேண்டாம். மனைவியிடம் கொடுங்கள்.